ஸ்காபா ஃப்ளோவில் இன்னொரு எம்டன்

"ஆளு சரியான எம்டன்"னு நம்ம ஊரில் இன்னமும் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்தக் கப்பல், அதே நவம்பரில் கோகோஸ் தீவருகே அழிந்தது. ஜெர்மானியர்கள் அதே பெயரில் இன்னொன்று கட்டினார்கள். அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

போர் ஓய்ந்ததும் ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்களை ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளின் நடுவே உள்ள ஸ்காபா ஃப்ளோவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தளபதி லுட்விக் ஃபோன் ராய்ட்டர். அவருடைய கொடி பறந்தது இந்த இரண்டாவது எம்டனில்தான். கப்பல்கள் பிரிட்டன் கைக்குப் போய்விடும் என்று அஞ்சியவர், 1919 ஜூன் 21 காலை, காவலுக்கு இருந்த பிரிட்டிஷ் கப்பற்படை பயிற்சிக்குக் கிளம்பிப் போன நேரம் பார்த்து, மூழ்கடிக்கச் சொல்லி சமிக்ஞை கொடுத்தார். அடித்தள வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். மாலைக்குள் 52 கப்பல்கள் போய்விட்டன. படகில் சுற்றுலா வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதையெல்லாம் நேரில் பார்த்தார்கள்!

வேடிக்கை என்னன்னா, உத்தரவு கொடுத்த எம்டன் மட்டும் மூழ்கவில்லை. பிரிட்டிஷார் இழுத்துக் கரைதட்ட வைத்துவிட்டார்கள்.

ஆனால் அன்றைக்கு ஜெர்மானியர் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 'மார்க்கிராஃப்' கேப்டன் ஷூமான். ஆயுதம் இல்லாதவர்களைச் சுட்டதை நான் குழப்பத்தில் நடந்தது என்று ஒதுக்கிவிட மாட்டேன். ஒரே வாரத்தில், ஜூன் 28, வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

பிறகு எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி 1924 முதல் ஒவ்வொன்றாகத் தூக்கினார். அது தனிக்கதை. மிச்சமிருக்கும் பெரிய கப்பல்கள் ஏழு. 2001 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். பார்க்கலாம், எதையும் எடுக்கக்கூடாது.

ஸ்கூபா வீரர்கள் இன்று அங்கே இறங்குகிறார்கள். கோடையிலும் குளிர் விடாது. உடம்பில் தண்ணீர் படாத டிரைசூட் வேண்டும். மார்க்கிராஃப் சுமார் 45 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடக்கிறது. விளக்கடித்தால் துருப்பிடித்த தகடெங்கும் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடற்சாமந்திகள். இறகு போன்ற கைகளை விரித்த, நட்சத்திர மீனுக்கு உறவான உயிர்கள். ஓட்டைகளுக்குள் நீளமான லிங் மீன்கள். வெளிறிய மென்பவளம் ஒன்றும் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். அங்கத்தியவர்கள் அதற்கு வைத்த பெயர், 'செத்தவன் விரல்'.

ஷூமான் அந்தக் கப்பலுக்குள் இல்லை. பக்கத்திலேயே, ஹோய் தீவின் லைனஸ் கல்லறையில் இருக்கிறார்.