பாறசாலையில் ஒரு பிளஸ் ஒன் பிள்ளை: தேர்வு அழுத்தம் எப்போது கூடுகிறது, வீட்டில் என்ன செய்யலாம்?

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த வாரத்தில் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று நெடுஞ்சாலை வழியே வந்து பாருங்கள். 'ஃபுல் ஏ பிளஸ்' வாங்கிய பிள்ளைகளின் படம் போட்ட ஃப்ளெக்ஸ்தான் கண்ணில் படும். அதில் படம் வராத பிள்ளையும் அதே வழியாகத்தான் பஸ் ஏறப் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளை இருந்தால், அல்லது ஊரில் இருக்கும் தம்பி, தங்கைக்கு நீங்கள்தான் 'படிச்ச ஆள்' என்றால், பத்தாம் வகுப்பு வருஷம் முழுக்க வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கும். டிவி கிடையாது, கல்யாண வீட்டுக்குப் போவது கிடையாது. முடிவு வந்ததும் எல்லோரும் 'அப்பாடா' என்று விட்டுவிடுவார்கள். ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன.

கேரளத்தில் 2023-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களில் 99.70% பேர் தேர்ச்சி. அந்த அணிதான் 2025-ல் பிளஸ் டூ எழுதியது. பள்ளி வழியாக எழுதிய 3,70,642 பேரில் தேறியவர்கள் 2,88,394 பேர், அதாவது 77.81%. பத்தாம் வகுப்பு முடித்த எல்லோரும் பிளஸ் டூவுக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இடைவெளி இன்னும் பெரிதாகவே தெரியும். இரண்டே வருஷத்தில் பிள்ளைகள் மக்காகிவிடவில்லை.

அப்படியானால் என்ன மாறியது?

முதல் காரணம் விதி. எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளி தரும் தொடர் மதிப்பீட்டு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்து 30% வந்தால் 'டி பிளஸ்', தேர்ச்சி. பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30% எடுத்தாக வேண்டும். பள்ளி மதிப்பெண் கைகொடுக்காது. (எழுத்துத் தேர்வில் தனியாக 30% என்ற விதியைக் கேரள அரசு கீழ் வகுப்புகளுக்கும் படிப்படியாகக் கொண்டுவருகிறது. 2024-25-ல் எட்டாம் வகுப்பில் தொடங்கியது. 2026-27-ல் பத்தாம் வகுப்புக்கு என்று அறிவித்திருக்கிறது. இப்போது ஹைஸ்கூலில் பிள்ளை இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது, மொழி. எல்லையோரத் தமிழ்க் குடும்பம் என்றால் வீட்டில் தமிழ், வகுப்பிலும் கூட்டாளிகளிடமும் மலையாளம், பிளஸ் ஒன் அறிவியல் புத்தகமோ ஆங்கிலம். மலையாள மீடியத்தில் பத்து வரை நன்றாகப் படித்த பிள்ளை ஜூன், ஜூலையில் இயற்பியல் புத்தகத்தைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனம் போலத் தெரியும். உண்மையில் அது ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, பிளஸ் ஒன் மதிப்பெண்ணும் இறுதிச் சான்றிதழில் சேரும். ஆறு மாதம் தடுமாறினாலும் அது கணக்கில் வந்துவிடுகிறது. இம்ப்ரூவ்மென்ட் தேர்வு இருக்கிறது என்பது ஆறுதல்.

'களியக்காவிளை மாமா பையன் 480 எடுத்திருக்கானாம்'

இந்த ஊர்களுக்கே உரிய அழுத்தம் இது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒப்பிடுவதும் இரண்டு பக்கமும் நடக்கிறது.

ஆனால் அளவுகோல் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், 500 மதிப்பெண். கேரளத்தில் பத்துப் பாடம், கிரேடு மட்டும். அங்கே பொறியியல் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிடுகிறார்கள். இங்கே 'கீம்' நுழைவுத்தேர்வும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் பாதிக்குப் பாதி. தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வையே கைவிட்டது. உங்கள் பிள்ளைக்கு அது இருக்கிறது. மாமா பையனின் 480-ஐ வைத்து உங்கள் பிள்ளையின் 'ஏழு ஏ பிளஸ்'ஸை அளக்க முடியாது.

ஒரே மாநிலத்துக்குள்ளேகூட வருஷத்துக்கு வருஷம் அளவு மாறும். கேரளத்தில் 2021-ல் ஃபுல் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 1,21,318 பேர். அடுத்த வருஷம் 44,363 பேர். கொரோனா காலத்தில் 'ஃபோக்கஸ் ஏரியா' என்று குறிப்பிட்ட பகுதிகளைப் படித்தாலே முழு மதிப்பெண் எடுக்கலாம் என்று இருந்தது. 2022-ல் அதற்கு வெளியேயிருந்தும் கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். அண்ணன் 2021 பேட்ச், தம்பி 2022 பேட்ச் என்றால் அந்த வீட்டில் தம்பிக்கு எத்தனை பேச்சு விழுந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிளஸ் ஒன் தொடங்கி ஓணப் பரீட்சை வரையிலான மாதங்களில்தான் நீங்கள் அருகில் இருக்க வேண்டும். "என்ன மக்கா, மார்க்கு எவ்வளவு?" என்பதற்குப் பதிலாக, "எந்தப் பாடத்துல வாத்தியார் சொல்றது புரியல?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு எண்தான் பதிலாக வரும், இல்லையென்றால் பொய் வரும். இரண்டாவது கேள்விக்கு நீங்கள் ஏதாவது செய்ய முடிகிற பதில் வரும்.

உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டாம். பிள்ளை ஒரு பக்கத்தைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். திக்குகிற இடம்தான் புரியாத இடம். தினமும் அரை மணி நேரம் போதும்.

ட்யூஷனும் நுழைவுத்தேர்வு கோச்சிங்கும் சேர்ந்து தூக்கத்தைத் தின்றால், வெட்ட வேண்டியது தூக்கத்தை அல்ல. சயின்ஸ் குரூப் வேண்டாம் என்று பிள்ளை முதல் மாதத்திலேயே சொன்னால் காது கொடுங்கள். ஒற்றைச் சாளர முறையில் சேர்க்கைக் காலத்திலேயே பாடப்பிரிவு மாற விண்ணப்பிக்க வாய்ப்பு உண்டு. டிசம்பரில் தெரிந்து பயனில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு கெட்டுப்போனால், பரீட்சைக் காலையில் மட்டும் வயிற்றுவலி வந்தால், கூட்டாளிகளைப் பார்க்கவே மறுத்தால், 'நான் இருந்து என்ன' என்ற மாதிரி ஒரு சொல் விழுந்தால், நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பேச வழி கிடைக்கும். உலக சுகாதார அமைப்பும் இதையே சொல்கிறது. பிள்ளையைத் தனியே விடாமல் உதவி தேடுங்கள். டெலி மனஸ் எண் 14416, நாள் முழுக்க இயங்கும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் 'திசா' எண் 1056, தமிழ்நாட்டில் 104, குழந்தைகளுக்கு 1098. மேல்நிலைப் பள்ளிகளில் 'சௌஹ்ருத' கிளப்பைக் கவனிக்கும் ஆசிரியரிடமும் பேசலாம்.

முடிவு வரும் நாளில் ஒரு பாடம் போய்விட்டால்? கேரளத்தில் அதற்கென்றே 'சே' தேர்வு இருக்கிறது. 'ஒரு வருஷத்தைக் காப்பாற்று' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர். மறுமதிப்பீட்டுக்கும் சில நாள்தான் அவகாசம் தருவார்கள். கடைசித் தேதியை முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்து, காலண்டரில் எழுதி வையுங்கள்.