தீக்காயங்களில் பாக்டீரியா நொதிகள்

தீக்காயத்தில் குடியேறும் பாக்டீரியாக்கள் வெளியிடும் நொதிகள், அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், காயம்பட்டவரின் திசுக்களைச் சிதைத்துத் தொற்றை ஆழத்துக்குக் கொண்டுசெல்கின்றன. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து உராய்ந்து வெடிக்கும்போது, உடல் வெந்த தொழிலாளர்கள் சிவகாசி அரசு மருத்துவமனைக்கும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்படுகின்றனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பெருவிபத்தின்போதும் அவ்வாறே நடந்தது. முதல் சில நாள்களின் அதிர்ச்சியையும் நீரிழப்பையும் கடந்தவரின் உயிரைப் பெரிதும் அச்சுறுத்துவது தொற்றே என்பதால், இம்மாவட்டத்துக்கு இது பாடநூலோடு நின்றுவிடும் பொருளன்று.

கருகிய தோலில் இரத்த ஓட்டம் இல்லாததால், ஊசிவழி செலுத்தும் மருந்து அங்கே போதிய அளவு சென்றுசேர்வதில்லை. மயிர்க்கால்களில் வெப்பத்துக்குத் தப்பிய ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை முதலில் பெருக, ஒரு வாரத்துக்குள் சூடோமோனாஸ் ஏருஜினோசா அவ்விடத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இக்கிருமி தான் வெளியிடும் சமிக்ஞை மூலக்கூறுகளின் செறிவைக் கொண்டு தன் கூட்டம் பெருகிவிட்டதை உணர்ந்த பின்னரே எலாஸ்டேஸ் நொதியை மிகுதியாகச் சுரக்கிறது. துத்தநாகத்தைச் செயல்மையத்தில் கொண்ட அந்நொதி, இரத்தக்குழாய்ச் சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டினை அறுப்பதோடு, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களையும் துண்டாக்குகிறது. இதே கிருமியின் எக்ஸோடாக்சின் ஏ என்னும் நச்சும் ஒரு நொதியே. அது, தொண்டை அடைப்பான் நச்சைப் போலவே, உயிரணுவின் புரதத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் கிருமி, ஒட்டிய தோலைப் பிடித்துவைக்கும் ஃபைப்ரின் படலத்தை ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் புரதத்தின் துணையால் கரைத்துவிடுவதால், அது காயத்தில் இருக்கும்வரை மருத்துவர்கள் தோல் ஒட்டு சிகிச்சையைத் தள்ளிவைப்பர். மாரடைப்பில் இரத்தக்கட்டியைக் கரைக்கத் தரப்படும் மருந்துகளில் ஒன்றும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனக் கிருமியிடமிருந்து பெறப்பட்ட இதே புரதந்தான்.

திசுவைத் தொடாமல் மருந்தையே சிதைக்கும் நொதிகளும் உண்டு. என்டிஎம்-1 எனப்படும் நொதி, கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளை உடைக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக 2010-இல் வெளியிட்ட கட்டுரை, சென்னை நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளிலும் இந்நொதி இருப்பதைக் காட்டியது. கிருமி மடிந்த பின்னும் ஏற்கெனவே சுரந்த நொதி திசுவில் செயல்படக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மருந்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஆகவேதான் ஆழ்ந்த தீக்காயங்களில் நோயாளியின் உடல்நிலை தாங்குமாயின், கருகிய தோலை முதல் சில நாள்களிலேயே அறுத்து நீக்கி, அவ்விடத்தை நல்ல தோலால் மூடும் முறை சிறந்ததாகக் கொள்ளப்படுகிறது.