குண்டு மழையில் ஒரு திராட்சை லாரி

ஒயின்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு பிரான்ஸ்தான் ஞாபகம் வரும். லெபனான்னு சொன்னா, "அங்கே குண்டுதானே வெடிக்கும்?"னு கேப்பாங்க. ரெண்டும் சேர்ந்த கதை ஒண்ணு இருக்கு, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது.

லெபனானில் மலைகளுக்கு நடுவே பெக்கா பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம். பகலில் வெயில், ராத்திரியில் குளிர். திராட்சைக்கு இதைவிட என்ன வேணும்? ரோமானியர்கள் இங்கே பால்பெக்கில் மது தெய்வம் பாக்கஸுக்குக் கோயிலே கட்டினாங்க, இன்னமும் நிக்குது. நவீன ஒயின் தொழில் 1857ல் க்ஸாராவில் ஏசுசபை பாதிரியார்களால் ஆரம்பிச்சது. (நல்ல காரியத்துக்கு சாமியார்கள் எப்பவும் முன்னாடி நிப்பாங்க போல :-))

1930ல் காஸ்டன் ஹோஷார்னு ஓர் இளைஞர் 'ஷாட்டோ முசார்' தொடங்கினார். இதுல ஒரு விசித்திரம்: தோட்டம் பெக்காவில், ஒயின் செய்யும் இடம் மலைக்கு அந்தப் பக்கம், கடலோரத்துக்கு மேலே கஸீர் ஊரில். அதாவது ஒவ்வொரு அறுவடைக்கும் திராட்சை லாரி ஏறி மலையைத் தாண்டணும். அமைதிக் காலத்தில் இது சில மணி நேர வேலை. 1959ல் மூத்த மகன் செர்ஜ் பொறுப்பேற்றார். போர்தோவில் படிச்சவர், ஆனா வாத்தியார் சொன்னபடி மட்டும் செய்யற ஆள் இல்லை. கபர்னே சோவின்யோனோட சான்ஸோ, கரின்யான் கலந்து தனக்குன்னு ஒரு சுவையைக் கண்டுபிடிச்சார். வெள்ளை ஒயினுக்கு உள்ளூர் ஒபைதே, மெர்வா திராட்சைகள்.

1975ல் உள்நாட்டுப் போர். பதினைஞ்சு வருஷம்! பெக்காவுக்கும் கஸீருக்கும் நடுவில் இருந்த பாதையெல்லாம் ஆளாளுக்கு ஒரு சோதனைச் சாவடி ஆச்சு. 1976ல் ஒயினே இல்லை. 1984ல் பறிச்ச திராட்சை நாள் கணக்கில் சுத்துவழியில் வந்தது, லாரியிலேயே புளிக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்த வருஷ ஒயின் வழக்கம்போல விற்பனைக்கு வரலை. மத்த வருஷங்களில் எப்படியோ கொண்டு வந்து சேர்த்தாங்க. ஓட்டுனவங்க பேர் எந்த ஒயின் புத்தகத்திலும் பெரிசா இருக்காது. எனக்கென்னவோ அவங்கதான் இந்தக் கதையோட கதாநாயகர்கள்.

கூத்து என்னன்னா, அதே 1984ல்தான் லண்டன் பத்திரிகை 'டிகாண்டர்' தன்னோட முதல் 'ஆண்டின் சிறந்த மனிதர்' விருதை செர்ஜுக்குக் கொடுத்தது. அதுக்கு வழி திறந்தது 1979 பிரிஸ்டல் கண்காட்சி. உள்ளூரில் வாங்க ஆளில்லாம போனதால வெளியூர் போன மனுஷன். அங்கே மைக்கேல் பிராட்பெண்ட் முசாரின் 1967 ஒயினைக் குடிச்சுப் பார்த்து பாராட்ட, இங்கிலாந்து சந்தை கிடைச்சது. போர் இல்லேன்னா வெளியே போயிருப்பாரான்னு கேட்டா, சந்தேகம்தான். அதுக்காக போர் நல்லதுன்னு யாரும் பின்னூட்டம் போடாதீங்க.

பெய்ரூட்டில் குண்டு விழுந்துக்கிட்டிருக்கும்போது தப்பிச்சு ஓடாம, வீட்டிலேயே உக்காந்து ஒரு முசார் பாட்டிலை மணிக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா ருசிச்சதா செர்ஜ் சொல்லுவார். வீரமா, வீம்பா? ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்னு நினைக்கறேன்.

செர்ஜ் 2014 டிசம்பர் 31 அன்று மெக்ஸிகோவில் கடலில் நீந்தும்போது இறந்துபோனார். குடும்பம் தொடர்ந்து நடத்துது. 2024 செப்டம்பரில் பெக்கா மேல மறுபடி குண்டு, பால்பெக் வரைக்கும். திராட்சை பறிக்கும் பருவம் அது.

முசார் சிவப்பு ஒயினை அறுவடை முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சுத்தான் வெளியே விடுவாங்க. கணக்குப் போட்டா 2024 பாட்டில் 2031ல் வரணும்.