குழிப்பந்தாட்டத் திடலில் குழிகளின் வரிசை

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில் 18 குழிகளும் எந்த வரிசையில் ஆடப்படுகின்றன என்பது திடலின் தரத்தைத் தீர்மானிக்கும் முக்கியக் கூறு ஆகும்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில் ஆட்டக்காரர்கள் ஒரு முனைவரை ஆடிச் சென்று, அதே குழிகளில் ஆடியபடி திரும்பினர். இவ்வாறு ஒரு சுற்றுக்கு 22 குழிகள் இருந்தன. 1764இல், தொலைவு குறைவாக இருந்த முதல் நான்கு குழிகள் இரண்டாக்கப்பட்டன. போகும்போது இரண்டும் வரும்போது இரண்டும் குறைந்து, சுற்று 18 ஆனது. பின்னாளில் இதுவே உலக வழக்கமாயிற்று.

போய்த் திரும்பும் அமைப்பில், போகும்போது முதுகில் வீசும் காற்று வரும்போது முகத்தில் வீசும். மியூர்ஃபீல்ட் திடலில் முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டத்தில் வலஞ்சுழியாகவும், அடுத்த ஒன்பது உள்வட்டத்தில் இடஞ்சுழியாகவும் அமைந்துள்ளன. இதனால் காற்று வீசும் பக்கம் அடிக்கடி மாறுகிறது. ஒரே வகை அடி எங்கும் உதவாது.

அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் திடலில் 1934இல் முதல் போட்டி நடந்தது. அதன்பின் முன் ஒன்பதும் பின் ஒன்பதும் இடம் மாற்றப்பட்டன. நீர்நிலைகளை ஒட்டிய கடினமான குழிகள் இறுதிக் கட்டத்துக்கு வந்தன. 1935 இறுதிச் சுற்றில், ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய 15ஆம் குழியை ஜீன் சாரசன் இரண்டே அடிகளில் முடித்தார். கிரெய்க் வுட்டைவிட மூன்று அடிகள் பின்தங்கியிருந்த அவர் சமநிலை அடைந்து, கூடுதல் ஆட்டத்தில் வென்றார். பழைய வரிசைப்படி அது 6ஆம் குழி. அங்கே பெற்ற முன்னேற்றத்துக்கு ஈடுசெய்ய வுட்டுக்கு இன்னும் பல குழிகள் எஞ்சியிருக்கும். மாற்றப்பட்ட அவ்வரிசையே இன்றும் தொடர்கிறது.