தோட்ட மக்களும் தாம்பூலமும்: முரசு நோயின் வரலாறு

தாம்பூலம் தரித்தல் தமிழர் வாழ்வில் நேற்று இன்று தோன்றிய வழக்கன்று. கோவலன் மதுரையில் உண்ட இறுதி உணவின்பின் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் ஈந்தாள் எனச் சிலப்பதிகாரம் கூறும். 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டளவு கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில், இத்தீவினர் வெற்றிலை மெல்லுதலைக் குறித்துள்ளார். மணவீட்டிலும் சபையிலும் மரியாதைக்குரியதாய் விளங்கிய இவ்வெற்றிலைத் தட்டம், தோட்டத்து லயங்களிற் புகுந்தபின் வேறொரு பொருளாயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதனால் மக்கள் வாய்க்கு விளைந்தது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

கோப்பிக் காலத்தில் மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் வழியாக வந்தோர் வெற்றிலைப் பையையும் உடன்கொண்டு வந்தனர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தேயிலை பரவிற்று. புகையிரதம் 1924இற் பதுளையை எட்டிற்று. பயிர் மாறினும் வேலைநாளின் அமைப்பு மாறவில்லை. விடியலிற் பிரட்டுக்களம், பின்னர் நெடுநேரம் மலைச்சரிவில் நிற்றல். ஆகாரம் சிறிது, குளிர் பெரிது. பாக்கிலுள்ள அரெக்கொலின் என்னும் சத்து உடலுக்குச் சூட்டையும் மனத்துக்கு ஒருவகை விழிப்பையும் தந்து பசியை மந்தமாக்குவது. சுண்ணாம்பு அதனை வேகமாக வெளிக்கொணரும். புகையிலை தன் மயக்கத்தையும் சேர்க்கும். மணவீட்டில் உண்டபின் தரித்த தாம்பூலம், மலையில் உணவுக்கு ஈடாயிற்று. பலர் அதனைக் கன்னத்தில் அடக்கியவாறே உறங்கவும் பழகினர்.

இதனால் விளையும் கேடு மூவகைத்து. கடினமான பாக்குத் துண்டு பல்லைத் தேய்க்கும். புகையிலையும் பாக்கும் இடையறாது படும் கன்னத்தோல் தடித்து வெளிறும். பல்லடியிற் படிந்த அழுக்கு உமிழ்நீரிலுள்ள உப்புக்களால் இறுகிப் பற்காறையாகும். அதன் கரடான முகத்திற் கிருமிகள் மேலும் தங்க, முரசு பல்லைவிட்டு விலகும். வேரைத் தாங்கும் எலும்பு கரையும். இதிற் பெரும்பாலும் நோவு இல்லை. நோவின்மையே இந்நோயின் வஞ்சகம்.

பல் துலக்கும் முறையும் துணைசெய்யவில்லை. வேப்பங்குச்சியின் பெருமையைப் பாடசாலையிற் கற்பிக்கின்றோம். ஆனால் பதுளை மேட்டுநிலத்துக் குளிரில் வேம்பு செழிப்பதில்லை. எஞ்சியவை அடுப்புக்கரியும் சாம்பலும் செங்கற்றூளும் விரலுமே. இவை பல்லின் மேற்பூச்சாகிய மிளிரியை அராவினவேயன்றிப் பல்லிடுக்கைத் தொட்டதில்லை.

தோட்டங்களில் வைத்தியமே இருந்ததில்லை என்பது பொருந்தாது. தொழிலாளர் வைத்தியத்துக்கென 1872இலும், பின்னர் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். கொக்கிப்புழு இரத்தத்தைக் குறைக்கும். இரத்தம் குறைந்தால் உழைப்புக் குறையும். அது துரைமாரின் கணக்கிற் புலப்படும். ஆடும் பல்லோ கொழுந்தின் நிறையைக் குறைப்பதில்லை. முரசு நோய் கவனிக்கப்படாமைக்கு இதுவே தலையாய காரணம் என்பது எம் கருத்து.

இக்கவனிப்பின்மையே பின்னர் உலகப் பல்வைத்தியத்துக்கு ஓர் ஆய்வுக்களம் ஆயிற்று. நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோ, பல்வைத்தியம் நன்கு பெற்ற ஒசுலோ நகர மாணவரும் கல்விமான்களுமாகிய 565 ஆடவரை 1969இற் பரிசோதித்தார். அவர்களோடு ஒப்பிடுதற்கு, பல்வைத்தியமே அறியாத இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் 480 ஆடவரை 1970இல் தெரிந்துகொண்டார். தொழிலாளர் பற்களிற் சொத்தை ஏறக்குறைய இல்லை. காறையும் கறையும் மிக்கிருந்தன. முரசு எங்கணும் அழற்சியுற்றிருந்தது. பதினைந்து ஆண்டு தொடர்ந்து நோக்கி, 1986இல் முடிவு வெளியிடப்பட்டது. நூற்றுக்கு 8 பேரில் நோய் விரைந்து முதிர்ந்தது. 81 பேரில் மிதமாக முதிர்ந்தது. எஞ்சிய 11 பேரில் முரசு வீக்கத்துக்கு அப்பாற் செல்லவில்லை. விரைந்து முதிர்ந்த கூட்டத்தார் 35 வயதில் 12 பற்களையும், 40இல் 20 பற்களையும், 45இற் பற்கள் அனைத்தையும் இழந்திருந்தனர். சொத்தையில்லாத பற்கள், நட்ட நிலம் கரைந்து விழும் மரம்போல் விழுந்தன.

இதற்கு வெற்றிலை ஒன்றே காரணம் என்று கூறுதல் தவறு. துலக்கப்படாத அழுக்கும் காறையுமே முதற்காரணம். ஒரே லயத்தில் வாழ்ந்தோருள் நூற்றுக்கு 11 பேர் தப்பியமை, உடலின் இயல்பும் இதில் இடம்பெறும் என்பதைக் காட்டும்.

ஆய்வு நடந்த ஆண்டுகளை வரலாற்று மாணவன் மறத்தலாகாது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலம் அது. 1973, 1974இல் தோட்டங்களிற் பட்டினி நிலவிய காலமும் அதுவே. 480 பேருள் 1985இல் எஞ்சியோர் 161 பேர்; 2010இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டோர் 75 பேர். விடுபட்டோருட் சிலரேனும் கப்பலேறியிருப்பர் என ஊகித்தல் பொருந்தும். மேலும், ஆடவர் மட்டுமே அங்கு எண்ணப்பட்டனர். கொழுந்து கொய்வோரோ பெரும்பாலும் பெண்கள். அவர் மடியிலும் வெற்றிலைப் பை உண்டு.

பல் போவதோடு தீங்கு நிற்பதில்லை. பாலேந்திரா என்பார் வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை 1949இலேயே பிரித்தானியப் பல்வைத்தியச் சஞ்சிகையில் ஆராய்ந்தார். வாய்த்தசை நாராகி இறுகி, வாய் திறக்கவியலாதுபோகும் நோயை 1953இற் பம்பாயில் யோஷி விவரித்தார். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் தருவது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1985இல் உரைத்தது. புகையிலை இல்லாவிடினும் பாக்கு ஒன்றே அத்தன்மைத்து என்று 2004இல் வெளியான அதன் தொகுதி உறுதிசெய்தது. புகையிலைதான் தீது, பாக்குப் பாதகமில்லை என்று நம் மூத்தோர் கூறிவரும் சமாதானம் இதனால் அற்றுப்போயிற்று.

மொனராகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னரே பால்வெட்டச் செல்வோர் வெறுவயிற்றில் முதலில் வாயிலிடுவது இன்றும் வெற்றிலையே. மென்று உமிழும் புகையிலைப் பொருள்களின் விற்பனையை இலங்கை அரசு 2016இல் தடைசெய்தது. ஆயினும் பாட்டிக்கு வெற்றிலை வாங்கிவரக் கடைக்கு அனுப்பப்படும் பிள்ளை, பொட்டலத்திலிருந்து ஒரு பாக்குத் துண்டைத் தானும் சுவைத்துப் பார்க்கின்றது. எம் வகுப்புகளில் அத்தகைய பிள்ளைகளைக் காண்கின்றோம், சிரிக்கும்போதே தெரிந்துவிடும்.