பசியும் பட்டினியும்: மரபணு மாற்றப் பயிர் விவாதத்தில் சொல்வழக்கு

மரபணு மாற்றப்பட்ட பயிர்கள் உலகின் பசியைத் தீர்க்கவல்லன என்னும் கூற்றைத் தமிழில் பெயர்ப்போர் முதலில் இடறும் இடம் 'பசி' என்னும் சொல்லே. பசி உடலின் இயல்பு, செல்வர்க்கும் உண்டு. பட்டினியோ உண்ணப் பெறாமை. ஆங்கில மூலம் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. பசி என்று பெயர்த்தால் விளைச்சலே மருந்தாகத் தோன்றும். பட்டினி என்று பெயர்த்தால், 'உணவு ஏன் கிடைக்கவில்லை?' என்னும் வினா உடன் எழும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பெங்களூரின் கிழக்கே, தமிழும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் ஜீவனஹள்ளியை அடுத்துச் செல்லும் இருப்புப்பாதை 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து தண்டுப் பகுதி வரை இடப்பட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில், தமிழர் தாது வருடப் பஞ்சம் என வழங்கும் 1876–78ஆம் ஆண்டுகளின் பஞ்சம் வந்தது. சென்னையிலிருந்து தானியம் இரயிலில் வந்தது; ஆயினும் விலை எளியோர்க்கு எட்டவில்லை. இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50.5 இலட்சமாக இருந்த மைசூர் அரசின் மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 41.9 இலட்சமாகக் குறைந்திருந்தது. மழை பொய்த்தது உண்மையே. எனினும் தானியம் இருந்தும் அதனைப் பெறும் உரிமையும் ஆற்றலும் இல்லாதோர் மடிவர் என்று அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டு நூலில் நிறுவிய கருத்துக்கு இப்பஞ்சமும் பொருந்தும்.

அதே நகரில் 2010 பிப்ரவரி 6ஆம் நாள் பி.டி. கத்தரி குறித்த பொது விசாரணை நடைபெற்றது. நடுவணமைச்சர் செயராம் ரமேசு ஏழு நகரங்களில் நடத்தியவற்றுள் இதுவே இறுதி. காய்த்துளைப்பானைத் தாங்குவதற்காக மண்வாழ் பாக்டீரியம் ஒன்றின் மரபணு கத்தரியில் ஏற்றப்பட்டிருந்தது. மூன்றாம் நாள், பிப்ரவரி 9 அன்று, அதன் வணிகச் சாகுபடி நிறுத்திவைக்கப்பட்டது. அதனை அறிமுகப்படுத்த அவசரத் தேவை ஏதுமில்லை என்பதும் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. வங்காளதேசம் 2013இல் இசைவளித்தது. அங்குப் பூச்சிக்கொல்லிச் செலவு குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. அது உழவர்க்குரிய பயன். சிறிதென்று தள்ளற்பாலது அன்று. ஆயினும் கத்தரிக்காய் எவருடைய பட்டினியையும் நேரே தீர்ப்பதன்று என்பதை இரு தரப்பாரும் பலகால் மறந்தே பேசினர்.

அவ்விவாதத்தில் கன்னட இதழ்கள் 'குலாந்தரி' என்னும் சொல்லை வழங்கின. ஒரு குலத்தினின்று மற்றொன்றுக்குக் கடந்தது என்னும் பொருள் அதில் வெளிப்படை. தமிழில் குலம் சாதியையும் குடிவழியையும் நினைவூட்டுவதால் அச்சொல் இங்கு வேர்கொண்டிராது என்பது என் கருத்து. தமிழ் 'மரபணு மாற்றப்பட்ட' என்றது. இச்செயப்பாட்டுத் தொடரில் மாற்றியவர் யார், மரபணு எவ்வுயிரினது என்பன மறைகின்றன. மேலும் 'மரபணுச் சோதனை' என்னுமிடத்து அச்சொல் டி.என்.ஏ.வையும் குறிப்பதால் மயக்கம் மிகுகிறது. உயிரினங்களின் இளமைப் பெயரும் ஆண்பாற் பெயரும் பெண்பாற் பெயரும் கூறும் தொல்காப்பிய இயலின் பெயராகிய 'மரபியல்' இன்று ஓர் அறிவியல் துறைக்கு ஆகிவந்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வழக்காய் வருவது என்னும் பொருளுடைய மரபோடு 'மாற்றம்' சேரும்போதே கேட்போர்க்கு ஓர் அச்சம் பிறக்கிறது போலும்.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நடுவணரசு இரண்டு நெல் வகைகளை அறிவித்தது. அயலுயிரின் மரபணு இறுதியில் எஞ்சாத இம்முறைக்கு 'மரபணுத் திருத்தம்' என்னும் பெயர் வழங்குகிறது. தமிழில் திருத்தப்படுவது பிழை, அல்லது நிலம். நெல்லில் என்ன பிழை இருந்தது என்று உழவர் ஒருவர் கேட்டால், மொழிபெயர்ப்பாளரே முதலில் விடை கூறவேண்டியவர் ஆகிறார்.