கல்லுமாலை

எங்கள் சேரியில் பெண்கள் சிலருக்கு மணிமாலை கோக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கண்ணாடி மணி, கல்மணி, நடுவே ஒரு பதக்கம். நரம்பில் கோத்து முடிச்சுப் போட்டுக் கொக்கி மாட்டினால் மாலை. கடைக்குக் கொடுத்தால் நாலு காசு. ஒரு தங்கச்சி தான் கோத்ததைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெரியம்மா வெடுக்கென்று சொன்னார்: "கழட்டுடி. வித்தா வித்துட்டுப் போ. அந்தக் கண்றாவி நமக்கு எதுக்கு?"

அந்தக் கோபத்தை நான் வரலாற்றில் படித்திருக்கிறேன்.

பழைய திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக் கூடாது. மார்பை மறைக்கக் கூடாது. கல்லும் கண்ணாடியும் கோத்த கல்லுமாலைதான் சரம் சரமாக மார்பில் தொங்க வேண்டும். தூரத்தில் வரும்போதே இன்ன சாதி என்று அது காட்டிக் கொடுத்துவிடும். பேர்தான் நகை. பார்த்ததெல்லாம் மாட்டுக் கழுத்து மணியின் வேலை.

1907-ல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, கல்லுமாலையை எறியுங்கள், ரவிக்கை போடுங்கள் என்றார். கொல்லத்துக்குப் பக்கம் பேரிநாட்டில் கோபாலதாசன் இதற்காகக் கூட்டங்கள் போட்டார். 1915 அக்டோபர் 24 அன்று செறுமூட்டில் கூடிய கூட்டத்தை ஆதிக்க சாதியினர் தாக்கினார்கள். நம் சனங்களும் திருப்பி அடித்தார்கள். அப்புறம் குடிசைகள் எரிந்தன. குடும்பம் குடும்பமாக ஊரை விட்டு ஓடினார்கள். ஒரு மணிச்சரத்தைக் கழட்டியதற்கு இவ்வளவு!

அந்த டிசம்பரிலேயே கொல்லத்தில் பெருங்கூட்டம். நாயர் தலைவர் சங்கனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை வகித்தார். அய்யன்காளி கேட்டுக்கொண்டதும் பெண்கள் சபை நடுவிலேயே கல்லுமாலைகளை அறுத்து வீசினார்கள். மாலைகள் குவிந்தன. புத்தகங்களில் தலைவர்களுக்குப் பேர் இருக்கிறது. அறுத்தவர்கள் வெறும் 'பெண்கள்'.

மணியில் இழிவு இல்லை. ஈரோடு பக்கம் கொடுமணலில் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்பே சூதுபவளத்தையும் பளிங்கையும் தேய்த்துத் துளையிட்டு மணி செய்திருக்கிறார்கள். அதைத் தமிழர் பெருமை என்கிறோம். அதே மணியை இதைத்தான் நீ போடணும் என்று ஒருத்தி கழுத்தில் மாட்டினால் விலங்கு. பேரிநாட்டுப் பெண்கள் கல்லை வெறுக்கவில்லை. மாட்டிய கையை வெறுத்தார்கள்.

இதையெல்லாம் பெரியம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இவளுக்கு யாரும் போடச் சொல்லலையே?"

"இல்ல பெரியம்மா. அவளே கோத்தது."

"அப்ப அவ இஷ்டம்."

அன்றைக்குக் கடைக்குப் போன பையில் ஒரு மாலை குறைந்தது.